பதினாலாம் எண் வீடு

சீட்டுப் பெட்டிக்குள் நடுவர் கையை விட்டபோது, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பெட்டியில் கிடந்த சீட்டுகளில் பன்னிரண்டு அவளுடையவை. பன்னிரண்டிலும் ஒரே கேள்வி. எழுத்து அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அரசுப் பள்ளியின் கூட்ட அறை பிதுங்கி வழிந்தது. தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம். வார்டில் நிற்கும் மூன்று பேரையும் ஒரே மேடையில் ஏற்றி, ஏழைகளுக்கு வீடு, பிள்ளைகளுக்கு வகுப்பறை என்று பேசவைத்திருந்தார்கள். நடுவராக வந்திருந்தவர் வெளியூர்க்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி. இங்கே யாரையும் அவருக்குத் தெரியாது.

நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் இப்போதைய கவுன்சிலர். மறுபடியும் நிற்கிறார். அவருடைய ஆள் ஒருவன் டீச்சரிடம் ஓடிவந்து முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினான். வேண்டாமென்று தலையாட்டிவிட்டாள்.

முதல் சீட்டு பள்ளிக்கூடத்தைப் பற்றியது. கவுன்சிலர் எழுந்து உருகினார்.

"நாலாம் வகுப்புல அறுபத்து மூணு பிள்ளைங்க. ஒரு பெஞ்சுல அஞ்சு பேர். நினைச்சாலே எனக்குத் தொண்டை அடைக்குது."

அது அவளுடைய வகுப்பு. அவர் சொன்ன கணக்கு பழசு. இப்போது அறுபத்திரண்டு.

பள்ளியை விட்டு நின்றுவிட்டவள் தையல்காரியின் மகள். பெஞ்சில் இடமில்லாமல் வாசற்படியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் நோட்டை மடக்கிக்கொண்டு எழுந்து நிற்கிற பெண். அப்படியிருந்தும் வாய்ப்பாட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை.

தையல்காரிக்குப் புருஷன் இறந்து நான்கு வருஷம். அச்சகத்துக்குப் பின்னால், தையல் மிஷினைப் போட்டால் கால் நீட்ட முடியாத ஓர் அறையில் குடியிருந்தாள். வார்டில் ஏழைகளுக்கென்று முப்பது வீடு கட்டினார்கள். கணவரை இழந்தவர்களுக்கு அதில் ஒன்றே ஒன்று, பதினாலாம் எண் வீடு. காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் தையல்காரியுடையது.

வீடு அவளுக்கு வரவில்லை.

என்னவென்று கேட்கலாம் வா என்று டீச்சர்தான் அவளை வீட்டுவசதி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குமாஸ்தா சலித்துக்கொண்டே பதிவேட்டை இவர்கள் பக்கம் திருப்பிவைத்தான். பதினாலாம் எண்ணுக்கு நேரே இருந்த பெயரை இருவரும் சேர்ந்தே படித்தார்கள்.

தையல்காரி சண்டை போடவில்லை, அழவில்லை. டீச்சரை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தனியாக நடந்து போய்விட்டாள். அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் பார்வை டீச்சரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அதற்கப்புறம் பதினோரு நாள். சமைத்தாள், பரீட்சைத் தாள் திருத்தினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். இந்த விஷயத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வேலை போகலாம். தலைக்கு மேல் இருக்கிற கூரையும் போகலாம். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

நடுவர் இரண்டாவது சீட்டைப் பிரித்தார். கோணல்மாணலான எழுத்தைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தார். பதினாலாம் எண் வீடு யாருக்குக் கொடுக்கப்பட்டது? எந்த அடிப்படையில்?

கவுன்சிலர் ஒரு கணம்தான் தயங்கினார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கணவரை இழந்து, போக்கிடம் இல்லாம நின்ன ஒரு சகோதரிக்குக் கொடுத்தோம். சபையில பேரைச் சொல்லி அவங்களைச் சங்கடப்படுத்த எனக்கு மனசு வரலை."

கைதட்டல் அறையைப் பிளந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தட்டட்டும் என்று டீச்சர் காத்திருந்தாள். எவ்வளவு உரக்கத் தட்டுகிறார்களோ அவ்வளவு நல்லது. கடைசிக் கையும் ஓய்ந்த பிறகுதான் எழுந்தாள்.

அவளைப் பார்த்ததும் கவுன்சிலர் சிரித்தார். பள்ளிக்கூடத்துக்கு அவர் செய்ததைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல எழுந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். அவருடைய ஆளே ஓடிவந்து அவள் கையில் மைக்கைக் கொடுத்தான்.

"நீங்க யாருன்னு சொல்லிட்டுப் பேசுங்கம்மா" என்றார் நடுவர்.

அவள் கைப்பையைத் திறந்து, பதினோரு நாளாக நான்காக மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தாள். அன்று குமாஸ்தாவிடம் கேட்டு வாங்கிய, வீட்டுக்கான விண்ணப்பத்தின் நகல். அவசரமேயில்லாமல், கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றுகொண்டு பேசினாள்.

"நாலாம் வகுப்பு டீச்சருங்க. புது வகுப்பறை கேட்டு மனு போடறோம்னு இவர் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார். நம்பி, படிச்சுப் பார்க்காம எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டேன். அதுல இதுவும் ஒண்ணு. பதினாலாம் நம்பர் வீட்டை வாங்கின அந்த விதவை நான்தான்."

காகிதத்தை நடுவருக்குத் தெரியும்படி விரித்துப் பிடித்தாள். மேடையில் இருந்த சிரிப்பு மெல்லக் கரைவதை ஆசைதீரப் பார்த்தாள்.

"செத்துட்டதா இதுல எழுதியிருக்கிற என் வீட்டுக்காரர் அதோ, மைக் முன்னாடி நிக்கிறார்."