மேடம் கேட்ட கேள்வி

மாடிப்படிகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்த அம்மாவுக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது. மகள் அதைப் பிடித்துவிட்டபடியே, நாளைய ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் பழகினாள்.

"நீதான் மேடம். சிரிக்காம கேளு."

"வொய் திஸ் காலேஜ்?" மகள் சொல்லிக்கொடுத்திருந்தபடியே அம்மா கேட்டாள்.

"மை ஓன் சாய்ஸ், மேடம்."

"அப்படின்னா?"

"யாரும் கட்டாயப்படுத்தல, நானே விரும்பிச் சேர்ந்தேன்னு அர்த்தம்."

"நிஜமாவா?"

"பொய்தாம்மா! வெளியூர் காலேஜ்ல சீட்டு குடுத்திருந்தா இங்க எதுக்கு வரப்போறேன்? ஒரு போன்கூடப் பண்ணல, பாவிங்க."

அம்மா தலைகுனிந்தாள்.

போன் வந்திருந்தது. மகள் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் எடுத்து, "அவ வரமாட்டா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் போய்விட்டால் இந்தக் காலைப் பிடித்துவிட யார் இருக்கிறார்கள்?

"அடுத்த கேள்வி, மேடம்!"

அம்மா காலை இழுத்துக்கொண்டாள். மகளிடம் சொல்லவேண்டிய உண்மை இன்னும் பாக்கி இருந்தது.