லாகருக்கு ஒரு விதி

நெற்றி நிறைய திருநீறு, கண் இரண்டும் பீர் டப்பா மேல். இந்தக் கோலத்தில் என் கடைக்கு இதுவரை யாரும் வந்ததில்லை.

தைப்பூசத்துக்கு மறுநாள் லாகர் பீர் தயாராக இருக்க வேண்டுமாம். பெயர் புவனேஸ்வரன் என்று சொன்ன கையோடு அதைத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மண்டலம் விரதம் இருந்துவிட்டு மறுநாளே தாகம் தீர்த்துக்கொள்ளப் போகிறார் மனுஷன். முருகன் பாடு, அவர் பாடு. நமக்கு வியாபாரம்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு வேண்டிய சாமான்களை ஜார்ஜ்டவுனில் ஒரு மாடிக் கடையில் விற்கிறேன். வெரோனிக்கா அக்கா கடை என்று கேட்டால் கீழே காப்பிக்கடைக்காரரே கை காட்டுவார். புதிதாக வருகிறவர்களுக்கு நான் காட்டுவது இரண்டே வழிதான்.

ஒன்று, கிட். டப்பாவில் மால்ட் என்கிற முளைகட்டிய பார்லிப் பாகும் கசப்பும் சேர்ந்தே இருக்கும். சுடுதண்ணீரில் கரைத்து, சீனியும் ஈஸ்ட்டும் போட்டு மூடிவைத்தால் வேலை முடிந்தது. இன்னொன்று, எக்ஸ்ட்ராக்ட். அதில் வெறும் மால்ட்தான். கசப்புக்கான ஹாப்ஸ் பூவை நாமே போட்டு, அடுப்படியில் நின்று கொதிக்கவிட வேண்டும். எதுவானாலும் லாகர் என்றால் வாரக்கணக்கில் ஃபிரிட்ஜில் கிடக்க வேண்டும்.

"அப்ப கசப்பு எவ்வளவுன்னு யாரு முடிவு பண்றது?"

புவனேஸ்வரன் கேட்டது நல்ல கேள்வி. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் போதை எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். கிட்டில் கம்பெனிக்காரன் முடிவு செய்வான், எக்ஸ்ட்ராக்ட்டில் நீங்கள் என்றேன்.

ஹாப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பூ எப்படிக் கசக்கும், குளிரில் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வழக்கமாக எந்த பீர் குடிப்பீர்கள் என்று நான் கேட்டதும் முழித்தார்.

"நான் வாயில வச்சதே இல்லக்கா. இது குமுதாவுக்கு. என் வீட்டுக்காரி. பால்குடம் எடுக்குறதும் அவதான். கசப்பு தூக்கலா இருந்தா அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்லா."



விரத வீட்டில் காய்ச்ச முடியாது. அதனால் இந்த ஞாயிறு புக்கிட் தெங்காவில் மச்சான் வீட்டில் வைத்துக் காய்ச்சப் போகிறாராம். அங்கே ஒரு ஃபிரிட்ஜ் சும்மா கிடக்கிறதாம். அப்படியென்றால் எக்ஸ்ட்ராக்ட்தான் சரி, கசப்பை குமுதாவுக்கு ஏற்றபடி வைக்கலாம் என்று பொட்டலங்களை அவர் பக்கம் தள்ளினேன். ஆசையாகத் தடவிப் பார்த்தார். பிறகு அவற்றை ஒதுக்கிவிட்டு கிட் டப்பாவை எடுத்துக்கொண்டார்.

ஏன் என்றேன்.

"இதுன்னா சுலபம்லக்கா. நடுவுல நான் இல்லாட்டியும் மச்சானே பாட்டில்ல ஊத்தி அவகிட்ட குடுத்துருவான்."

அடுத்த வாரம் அவருக்கு இருதய ஆபரேஷன். குமுதா பால்குடம் நேர்ந்துகொண்டது அதற்காகத்தான். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப் போல இதைச் சொன்னார். இவ்வளவு நேரம் மனதுக்குள் கேலி செய்துகொண்டிருந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியிலேயே வைத்தேன்.

"கிட் வேணாம் தம்பி. நீங்களே காய்ச்சுங்க. ஆனா அதுக்கு ஒரு விதி இருக்கு. காய்ச்சுனவங்க கையாலதான் மொத பாட்டிலத் தொறக்கணும். வேற ஆளு தொறந்தா அத்தனையும் புளிச்சுப் போயிரும்."

"நெசமாவாக்கா?"

"எத்தன வருசமா இத விக்கிறேன், எனக்குத் தெரியாதாலா?"

ஹாப்ஸ் பொட்டலத்தை மறுபடியும் கையில் எடுத்தார்.

"அப்ப நான்தான் வந்து தொறக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அப்படி ஒரு விதி எந்த ஊரிலும் கிடையாது. மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இந்தப் பொய்யைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்தச் சனிக்கிழமை சொல்ல மாட்டேன். முதலில் அவர் வந்து அந்தப் பாட்டிலைத் திறக்கட்டும்.