பன்னிரண்டாவது அடிபம்பு

வெளிநாட்டு உதவியில் வந்த பன்னிரண்டு அடிபம்புகளில் பதினொன்று உடைந்து கிடந்தன. எத்தனை முறை அச்சாணி மாற்றினாலும் மறுமாதமே உடைந்தது. ஏனென்று புது மெக்கானிக் சேதுபதிக்குப் பிடிபடவில்லை. உதவி கொடுத்த நிறுவனத்திலிருந்து வெள்ளிக்கிழமை பார்வையிட வரும் வெள்ளைக்காரர் திருப்திப்பட்டால்தான் இன்னும் இருபது ஊர்களுக்குப் பம்பு கிடைக்கும்.

உடையாத அந்த ஒரே பம்பைப் பார்க்க உச்சிவெயிலில் கண்டரமாணிக்கம் போனான். பன்னிரண்டாவது பம்பில் கைப்பிடியே இல்லை!

விசாரித்துக்கொண்டு, பம்பைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுத்தாயி வீட்டுக்கு ஓடினான். மாட்டுக் கொட்டகையில், இரண்டு காளைகளுக்கு நடுவே கைப்பிடி சாய்ந்திருந்தது.

"என்ன ஆத்தா, தர்மத்துக்கு வந்த சாமானை ஒளிச்சு வச்சிருக்கீக? போலீசுக்குச் சொல்லவா?"

"கத்தாதீக தம்பி, காளை மிரளுது. மூணு மணிக்கு மாட்டிருவேன். தெனமும் இப்படித்தான்."

"எதுக்கு?"

"தண்ணி இறைக்கிற மாட்டையே மத்தியானம் அவுத்து விடுறோம். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? வண்டிக்குப் போடுற மாதிரி அச்சாணிக்கு விளக்கெண்ணெயும் போடுறேன். ரெண்டு வருசமா ஒரு தடவைகூட உடையலையே!"

சேதுபதிக்கு அப்போதுதான் பிடிபட்டது. வெளிநாட்டில் ஒரே வீட்டுத் தோட்டத்துக்காகச் செய்த பம்பு அது. இங்கே முந்நூறு வீட்டார் ஓயாமல் அடித்தால் அச்சாணி சூடேறித் தேயாதா?

வெள்ளிக்கிழமை வெள்ளைக்காரரிடம் அதையே விளக்கிச் சொன்னான். இருபது பம்புகளும் வந்தன. ஒவ்வொன்றிலும் தமிழில் எழுதியிருந்தது: 'பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை கைப்பிடியைக் கழற்றி, அச்சாணிக்கு எண்ணெய் போட்டு, ஓய்வு கொடுக்கவும்.'