அடக்கம் எத்தனை மணிக்கு?

இறந்துபோனவரே போனை எடுத்தார்.

அவள் அதற்குத் தயாராக இல்லை. துக்க வீட்டில் மகளோ மருமகளோ எடுப்பார்கள், குரலைத் தாழ்த்தி அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட வேண்டும். செய்தி ஆசிரியர் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

அவளும் கேட்டுவிட்டாள்.

“அவசரம் இல்லம்மா,” என்றது மறுமுனை. “சாப்பிட்டுட்டு இருக்கேன்.”

அந்தக் கீச்சுக்குரல் வேறு யார் தொண்டையிலிருந்தும் வராது. ஒரு காலத்தில் படத்துக்குப் படம் அடிவாங்கி எல்லோரையும் சிரிக்கவைத்த நகைச்சுவை நடிகர் அவர்.

சேனல் ஆபீஸ் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த டிவிகள் எல்லாவற்றிலும் அவர் காலமாகியிருந்தார். இவர்கள் சேனலில் ‘முதன்முதலில் சொன்னது நாங்களே’ என்ற சிவப்புப் பட்டையோடு காலமாகியிருந்தார். எதிர் சேனலைப் பார்த்துத்தான் இவர்கள் போட்டார்களாம். எதிர் சேனல் இவர்களைப் பார்த்துப் போட்டதாம்.

எல்லா சேனல் மைக்குகளும் அவர் வீட்டு வாசலில் நின்றன. அந்த வீட்டை அவர் விற்று எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது அங்கே குடியிருக்கும் பல் டாக்டர் கண்கலங்கப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய இப்போதைய நம்பரை நாலு இடத்தில் விசாரித்து வாங்கியவள் இவள் ஒருத்திதான். இதழியல் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்தவள். விசாரிக்கிற கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. பெயரைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லாததால் ஆபீசில் அவள் பெயர் ‘காலேஜ்’.

செய்தி ஆசிரியரிடம் ஓடினாள்.

“சார், அவர் உயிரோட இருக்கார்.”

“யார் சொன்னா?”

“அவரேதான் சார்.”

“சம்பந்தப்பட்ட ஆளே சொன்னா எப்படி நம்புறது காலேஜ்? ரெண்டாவது சோர்ஸ் வேணும்.”

அவளுக்குப் புல்லரித்தது. எந்தச் செய்தியானாலும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று வகுப்பில் மூச்சுக்கு மூச்சு சொல்லியிருந்தார்கள். இங்கே வந்த நாளாக அந்த விதியை இப்போதுதான் முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறாள். சாவதற்கு ஒருவர்கூடச் சொல்லவேண்டியிருக்கவில்லை. உயிரோடு இருப்பதற்குத்தான் இரண்டு பேர்.

திடீரென்று செய்தி ஆசிரியரின் முகம் மலர்ந்தது.

“இரு, இரு. எல்லாரும் அவரைச் சாகடிச்சாச்சு. பொழச்சுட்டார்னு முதல்ல சொல்றது நாமளா இருந்தா? வீடியோல கூப்பிடு. மூஞ்சி ஒரு சோர்ஸ், குரல் ஒரு சோர்ஸ், ரெண்டாச்சு. நீயே பேசு, உன் முகமே வரட்டும். இது மட்டும் கெடச்சுட்டா இங்க வேலை உனக்குத்தான்.”

பயிற்சிக்கு வந்தவர்கள் ஆறு பேர். வேலை ஒன்று. ஆபீசில் இருந்த மற்றவர்கள் கம்ப்யூட்டருக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

மாடிப்படிப் பக்கம் போய் மறுபடி கூப்பிட்டாள். வீடியோ என்றதும் அவர் குரலில் கீச்சு போய்விட்டது.

“வேண்டாம்மா. பையன் வெளிநாட்டுல இருக்கான். என்கூடச் சண்டை போட்டுட்டுப் போனவன், அப்புறம் ஒரு போன் கெடையாது. இப்போ அவன் அக்காவைக் கூப்பிட்டு ஓன்னு அழுதிருக்கான். டிக்கெட் எடுத்துட்டானாம். இவளும் பதிலுக்கு அழுதா பாரு, அசந்துட்டேன். என் பொண்ணாச்சே.”

“ஐயா, நாங்க சொல்லலேன்னாலும் எப்படியும் தெரிஞ்சுடும்.”

“தெரியட்டும். அவன் பிளேன் ஏறுற வரைக்கும் நான் செத்தே இருந்துட்டுப் போறேனே?”

எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று தெரிந்த மனிதர். அங்கேதான் நிறுத்தினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் திரும்பி வந்தபோது கேமராவுக்கு விளக்கெல்லாம் போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். அவள் உட்கார ஒரு நல்ல நாற்காலிகூடப் போட்டிருந்தார்கள்.

“என்ன காலேஜ், லைன்ல இருக்காரா?”

“இல்ல சார். முன்னாடி எடுத்தது யாரோ. அவர் மாதிரியே பேசி வெளையாடியிருக்காங்க. செத்தது உண்மைதான்.”

“இதை யார் சொன்னா?”

பொய் சொல்லப் பழகாதவள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

“அவர் பையனோட அப்பா, சார்.”

“குடும்பத்துல ஒருத்தர். போதும்.” செய்தி ஆசிரியருக்கு நிம்மதியாகிவிட்டது. விளக்கை அணைக்கச் சொன்னார். பல் டாக்டரைப் பேட்டியெடுத்து வந்த பயிற்சி மாணவனைக் கூப்பிட்டு, தோளில் தட்டி, அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். வேலை யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரையின் அடியில் புது வரி ஓடியது: ‘மறைவுச் செய்தியை நடிகரது மகனின் தந்தை உறுதிப்படுத்தினார்.’

டைப் செய்தவருக்கு உறுத்தவில்லை. சரிபார்த்தவருக்கும் உறுத்தவில்லை. வாசித்த பெண் குரல் கம்ம வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் எதிர் சேனலும் அதையே போட்டது, மகனின் தந்தை தங்களிடம் பிரத்யேகமாகச் சொன்னதாக.

அவள் போன் அடித்தது. காலமானவர்தான்.

“டிவி பாத்தேம்மா,” என்றார். “காலைல உங்க ஆபீசுக்கு நானே போன் பண்ணி நான் செத்த விஷயத்தைச் சொன்னப்போ, யார் பேசுறதுன்னுகூடக் கேக்கல. நெருங்கிய வட்டாரம்னு போட்டுட்டாங்க.”

மறுமுனையில் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

“இப்பதான் அப்பான்னு போட்டிருக்கீங்க.”