ஒற்றைக்காலில் மெய்யம்மை

ஒரே நேரத்தில் மூன்று நிலாக்களைப் பார்க்கும் பாக்கியம் இவ்வுலகில் தனக்கு மட்டுமே வாய்த்தது என்பதில் கதிரேசனுக்குச் சந்தேகமே கிடையாது. கருவிழி கூம்பு மாதிரி குவிந்துகொண்டு வருகிறது, அதனால்தான் ஒன்று மூன்றாகத் தெரிகிறது, கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸ் வைத்துவிடலாம் என்றார் டாக்டர்.

“அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு. தினம் காலையில லென்ஸைக் கையாலேயே கண்ணுல மாட்டிக்கிறவன் நான்” என்று மனைவி உமையாளிடம் மார்தட்டினான்.

மறுநாள் காலை, மாட்டப்போன லென்ஸ் விரல்நுனியிலிருந்து நழுவிக் கூடத்தில் எங்கோ விழுந்தது.

“யாரும் அசையாதீங்க!”

அது அந்த வீட்டுச் சட்டம். கூடத்தைக் கடந்துகொண்டிருந்த நான்கு வயது மெய்யம்மை, தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டாள். கதிரேசன் தவழ்ந்து தரையைத் தடவினான். உமையாள் டார்ச் அடித்தாள்.

“மூணு நிலா தெரியுதுல்ல, ஒரு லென்ஸ் தெரியலையா?”

“அப்பா, காலைக் கீழ வெச்சுக்கட்டுமா?”

“கொஞ்சம் பொறுடா தங்கம்.”

“நான் மிதிச்சிட்டா உனக்குக் கண்ணு போயிடுமாப்பா?”

நிமிர்ந்தான். மூன்று மெய்யம்மைகள் ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். அழுகிறாளா என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. விறுவிறுவென்று தவழ்ந்தான். முழங்காலுக்கடியில் ஏதோ நொறுங்கியது. நிற்காமல் போய், நடுவில் நின்றவளை வாரி எடுத்தான். கன்னத்தைத் தொட்டபோது விரல் நனைந்தது.

மகளை இடுப்பில் வைத்தபடியே பால்கனிக்குப் போய், உமையாள் காதில் விழாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

“மேடம், கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கிறீங்களாமே... வலிக்குமா?”