பார்க்க விட்ட அளவு

"கதைக்குப் படம் போடறதுக்கெல்லாமா எம்.ஏ. இருக்கு?" என்று பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் ஒருமுறை வசுமதியிடம் கேட்டாள். கேட்டவளின் முகம் வசுமதிக்குத் தெரியாது. தலையை நிமிர்த்தக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால், கேசரித் தட்டைத் தாண்டி அவள் கண்ணுக்குக் கிடைத்தவை கால்கள் மட்டுமே. நவீனச் சித்திரக்கலை முதுகலைப் படிப்பின் இறுதிக் கண்காட்சிக்கு, இதுவரை பெண் பார்க்க வந்தவர்களின் கால்களைத்தான் வரைந்து சுவர் முழுக்க மாட்டினாள்: விலைச்சீட்டு கிழிக்காத புதுக் காலுறை, மெட்டி இறுகி வீங்கிய விரல், வேண்டாமென்று முடிவானதும் வாசலை நோக்கித் திரும்பிய குதிகால்.

"முகமே இல்லாம மார்க் எப்படிம்மா போடறது?" என்றார் பேராசிரியர்.

"பார்க்க விடலையே சார்," என்றாள்.

அன்று மாலை புதிதாக ஒரு மாப்பிள்ளை கண்காட்சிக்கே வந்து அவளைப் பார்ப்பதாக ஏற்பாடு. "ஒரு மணி நேரத்துக்கு எல்லாத்தையும் கழட்டி வைடி. இதுவும் தட்டிப்போச்சுன்னா உங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று அம்மா கெஞ்சினாள். வசுமதி ஒரு படத்தையும் தொடவில்லை.

வந்தவர் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தம் கால்களை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலையைக் குனியச் சொல்லி அம்மா முழங்கையால் இடித்தாள். வசுமதி பென்சிலை எடுத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். தாளில் நெற்றி வந்தது, மூக்கு வந்தது.

"கொஞ்சம் ஆடாம இருங்க," என்றாள். "பொண்ணு பார்க்க வந்தவங்க முகத்தை இப்பதான் நான் பார்க்கிறேன்."

காதை வரைந்து முடிப்பதற்குள் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.