நடையில் ஓர் ஆள்

மூன்று ஓட்டு வித்தியாசத்தில் அமைதி ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டது ஒரு நாடு. அதிலிருந்து அதுவும் அண்டை நாடும் நேரில் பேசுவதில்லை. பேசினால் ஒத்துக்கொண்டதாகிவிடுமாம். எதைச் சொல்வதானாலும் நான் பிழைக்க வந்த இந்தத் தீவு வழியாகத்தான். இடது அறையில் தள்ளிவிட்ட நாட்டின் அதிகாரி அமலோற்பவம். வலது அறையில் அண்டை நாட்டு இருதயராஜ். நடுவில் உள்ள நடையில் நான். பத்தொன்பது வருடமாக இரண்டு நாட்டு வெளியுறவும் என் கால்களில்தான் நடக்கிறது.

இன்று படியில் கால் பிசகிவிட்டது. எழுந்து நிற்க முடியவில்லை.

"அண்ணே, எங்க படகு ஒண்ணு எஞ்சின் நின்னு எல்லை தாண்டிருச்சு. பதினோரு பேரு. அஞ்சு மணிக்குள்ள சொல்லலைன்னா சுட்டுருவாங்க," என்றார் அமலோற்பவம்.

மணி நாலு ஐம்பது.

"கால் வீங்கிக் கிடக்கும்மா."

அவர் படகு விஷயத்தையே மறுபடி சுவர் அதிரும்படி சொன்னார். "உங்ககிட்டதான் சொல்றேன்ணே."

வலது அறையில் இருதயராஜ் தன் கடற்படைக்குப் போன் பேசுவது கேட்டது.

"அண்ணே, சுட மாட்டாங்க. கட்டி இழுத்துட்டு வந்து எல்லையில விடுறாங்கன்னு சொல்லுங்க."

நான் வாய் திறப்பதற்குள் இடது பக்கம் அழுகை கேட்டது. அது இருமலாக மாறியது.

"அந்தம்மா இருமலுக்கு மருந்து சாப்பிடுறாங்களா, கேளுங்க."

இப்படி ஒரு கேள்வி இங்கே வந்ததே இல்லை.

"சாப்பிடுறேன்னு சொல்லுங்கண்ணே."

வீங்கிய காலை ஸ்டூலில் நீட்டியபடி பதிவேட்டில் எழுதினேன்: நான்கு தகவல்களையும் நானே நடந்துபோய்ச் சேர்த்தேன்.